பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: புகை டெஸ்ட்டில் இருந்து ரினிவல் வரை

திண்டுக்கல்லில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக எமிஷன் டெஸ்ட் சென்டர் நடத்துகிறேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் வீட்டுக்காரர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். சைலன்சர் பக்கம் என் வேலை, பானெட் பக்கம் அவர் வேலை. பழைய வண்டியோடு வருகிறவர்கள் குழாயை மாட்டும் முன்னாலேயே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிஎஸ்-6 வந்திருச்சே அக்கா, இதை இனிமே ஓட்ட விடுவாங்களா?"

தமிழ்நாட்டில் விடுவார்கள். பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், புது வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று அரசு போட்ட விதி; எண் ஏற ஏற விதி இறுகும். 2008 மாடல் வண்டி 2020ஆம் வருஷத்து விதிக்குத் தேற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த விதிப்படி கம்பெனியில் இருந்து வெளியே வந்ததோ, அந்த விதிக்குள்தான் இன்றைக்கும் சோதிக்கிறோம். ஆனால் விதி இறுக இறுகப் பழைய வண்டிக்காரர் மேல் சுமை வேறு வழிகளில் வருகிறது. பதிவை ரினிவல் செய்யும் கட்டணம் ஏறுகிறது, பங்கில் விற்கும் பெட்ரோல் மாறுகிறது, சில ஊர்களுக்குள் போகவே முடியாமல் ஆகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை, உங்கள் வண்டி எந்த ஸ்டேஜ் என்று தெரிந்துகொள்வது. வாங்கின வருஷத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் விதிகள் சென்னைக்கு முன்னாலும் மற்ற ஊர்களுக்குப் பின்னாலும் வந்தன. பிஎஸ்-2 சென்னைக்கு 2001லும் நாடு முழுக்க 2005லும் வந்தது. பிஎஸ்-3 சென்னைக்கு 2005, மற்ற ஊர்களுக்கு 2010. பிஎஸ்-4 சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் தொடங்கி, நாடு முழுக்க வர 2017 ஏப்ரல் ஆகிவிட்டது. அப்புறம் பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ்-6. ஆக, 2011ல் சென்னையில் பதிவான கார் பிஎஸ்-4 ஆகவும், அதே வருஷம் திண்டுக்கல்லில் பதிவானது பிஎஸ்-3 ஆகவும் இருக்கலாம். மாருதி 800ஐ 2010 ஏப்ரலோடு சென்னை போன்ற பெருநகரங்களில் விற்பதை நிறுத்திவிட்டு, மற்ற ஊர்களில் மட்டும் சில வருஷம் விற்றார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். காரணம் இந்த விதிதான். அந்த வண்டியை பிஎஸ்-4க்குக் கொண்டுவரச் செலவு செய்ய கம்பெனி விரும்பவில்லை.

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தில் ஸ்டேஜ் வரும். ரொம்பப் பழைய வண்டிகளுக்கு அந்த இடம் காலியாக இருக்கும். தவறாகப் பதிவாகியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பிஎஸ்-3 வண்டியைக் கம்ப்யூட்டர் பிஎஸ்-4 என்று நினைத்தால், அந்த வண்டிக்கு எட்டாத அளவை எட்டச் சொல்லும்.

எட்டாத அளவு என்று சும்மா சொல்லவில்லை. பெட்ரோல் காரில் நாங்கள் பார்ப்பது முக்கியமாக இரண்டு: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன். இவற்றை நாங்கள் சிஓ, எச்சி என்போம். பிஎஸ்-2க்கு முந்தைய வண்டிக்கு சிஓ 3 சதவீதம் வரைக்கும், எச்சி 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரைக்கும் இருக்கலாம். பிஎஸ்-2, பிஎஸ்-3க்கு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். பிஎஸ்-4க்கு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். எச்சி 1500இல் இருந்து 200க்கு வந்துவிட்டது என்றால் எவ்வளவு இறுக்கம் என்று பாருங்கள். டீசலில் புகையின் அடர்த்தியை அளக்கிறோம். பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிக்கு அந்த அடர்த்தியைக் காட்டும் கே வேல்யூ 2.45 வரை, பிஎஸ்-4க்கு 1.62 வரை.

புகைச் சான்றிதழ் பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிக்கு ஒரு வருஷம் செல்லும். அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம்தான். பழைய வண்டிக்காரர்கள் இதை மறந்துவிட்டு, "போன வருஷம்தானே எடுத்தேன்" என்பார்கள். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு புகை விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், லைசென்ஸையும் மூன்று மாதத்துக்கு முடக்கலாம். போனில் நாள் குறித்து வையுங்கள்.

டெஸ்ட்டுக்கு வரும் முன்

எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். வீட்டில் இருந்து ஸ்டார்ட் செய்து இரண்டு தெரு தாண்டி வந்தால் போதாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சைலன்சருக்குள் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். குளிர்ந்த வண்டியில் குழாயைச் செருகினால் நல்ல வண்டியும் ஃபெயில் ஆகும். வந்த பிறகும் அரை மணி நேரம் ஆஃப் செய்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு பலன் தருகிற வேறு வேலை கிடையாது. எங்கள் பக்கம் தூசி அதிகம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும், சிஓ ஏறும். ஆயில் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் மாற்றிவிட்டே வாருங்கள். பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோல் ஆவி திரும்ப எஞ்சினுக்குள்தான் போகிறது.

ரீடிங் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது மெக்கானிக்குக் கொடுக்கிற துப்பு. சிஓ மட்டும் அதிகம் என்றால் கலவையில் பெட்ரோல் கூடுதல். கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுதாகத் திறக்காமல் நிற்பது, ஜெட் தேய்ந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் செத்துப்போனது. எச்சி மட்டும் அதிகம் என்றால் பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது. பிளக், பிளக் ஒயர், வால்வு கிளியரன்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் அதிகமாக இருந்து, அடியில் பார்த்தால் கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் வெறும் குழாய் இருந்தால், முந்தைய ஓனரோ எங்கோ ஒரு சைலன்சர் கடையோ அதைக் கழற்றி விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை வாங்க ஆள் இருக்கிறது. பிஎஸ்-4 பெட்ரோல் வண்டி கன்வெர்ட்டர் இல்லாமல் தேறுவது நடக்காத காரியம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சீட் கவரைப் பார்ப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் ரீடிங்கையே குழப்பிவிடும். பிஎஸ்-4 வண்டியில் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கின்றனவா என்று காட்டும் லாம்டாவும் பார்க்கிறோம், அது 0.97இல் இருந்து 1.03க்குள் நிற்க வேண்டும். ஓட்டை சைலன்சரில் அது நிற்காது. முதலில் வெல்டிங், பிறகு டெஸ்ட்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டெஸ்ட்டில் நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதிப்போம், அதுவும் பல தடவை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், அதைப் பார்த்துவிட்டு வருவதே நல்லது. பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், செலவு ரினிவல் கட்டணத்தைப் போல் பல மடங்கு. ஊருக்குள்ளேயே இரண்டாவது, மூன்றாவது கியரில் ஓடிய வண்டியில் கரி படிந்திருக்கும். வத்தலக்குண்டு வரை நல்ல வேகத்தில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தால் பாதி கரி வழியிலேயே போய்விடும். கறுப்புப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ ஹோஸில் கசிவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அதாவது ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்துவிட்டது. அதற்கு டியூனிங் பதில் இல்லை. "ஏதாவது ஊத்தி விடுங்கண்ணே, பாஸ் ஆனா போதும்" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். ஊற்றினாலும் ரிங் வளராது.

வண்டி வராமலே போட்டோவை அனுப்பிச் சான்றிதழ் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் தருவதில்லை. ஃபெயில் என்று என் மெஷின் சொல்வதை பக்கத்து ஷெட்டுக்கு ஆள் பிடிக்கும் வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது, சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மெக்கானிக்கிடமே போங்கள், சரி செய்துகொண்டு வாருங்கள்.

பதினைந்து வருஷம் முடியும்போது

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஊரில் இதையும் எஃப்.சி. (தகுதிச் சான்று) என்றே சொல்கிறார்கள். படிவம் 25ஐ பரிவாஹன் தளத்தில் போட்டு, நாள் வாங்கி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். முடிகிற தேதிக்கு 60 நாள் முன்னால் இருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாகும்.

கட்டணம் ஏறிய வேகத்தைப் பாருங்கள். 2022 மார்ச் வரை கார் ரினிவலுக்கு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. இறக்குமதி செய்த கார் என்றால் 80,000. 2005 கடைசியில் பதிவான ஒரு சான்ட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் 600 ரூபாய் கட்டிய அதே ஆள், 2025 கடைசியில் 10,000 கட்ட வேண்டும். மாநிலத்தின் பசுமை வரி தனி. ஆனால் அது இந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

கோபம் வரும், நியாயம்தான். ஆனால் 10,000 ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 170 ரூபாய்கூட ஆகாது. இந்தக் கட்டணத்துக்குப் பயந்து மட்டும் நல்ல எஞ்சின் உள்ள வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். பழைய வண்டியைக் கைவிட வைக்க வேண்டிய காரணம் வேறு: தரைத்தகடு துருப்பிடித்து ஜாக்கி வைக்க இடம் இல்லாமல் போவது, ஸ்பேர் கிடைக்காமல் காரைக்குடி, மதுரை என்று அலைவது, பிரேக் லைனே அரித்துப்போவது. மழைக்காலம் முடிந்ததும் வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தகடு பொலபொலவென்று உதிர்கிறதோ அங்கேதான் உங்கள் பதில் இருக்கிறது.

இன்ஸ்பெக்ஷனில் வண்டி திரும்பி வருவது புகையால் குறைவு, பேப்பரால் அதிகம். லோன் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். பேங்கில் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை, கேன்சல் செய்யாமல் ரினிவல் நகராது. பேங்க் கிளையே வேறு பேங்கோடு இணைந்துபோயிருந்தால் இந்த ஒரு கடிதத்துக்கே அலைச்சல், அதனால் ஆறு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். அடுத்தது, அப்பா பெயரில் இருக்கும் வண்டி. அப்பா தவறிவிட்டால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். செய்யாமல் பத்து வருஷம் ஓட்டிவிட்டு ரினிவல் சமயத்தில் வாரிசுச் சான்று, தம்பி தங்கைகளின் சம்மதம் என்று ஓடுபவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். மூன்றாவது, நிறம். ஆர்.சி.யில் வெள்ளை, வண்டி சிவப்பு என்றால் முதலில் அதைப் பதிய வேண்டும். நான்காவது கேஸ் கிட். ஆம்னி வைத்திருக்கும் சிலர் சீட்டுக்கு அடியில் சமையல் கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டுகிறார்கள். இது பேப்பர் பிரச்சினையே இல்லை, உயிர் பிரச்சினை. அங்கீகரித்த கிட் போட்டு ஆர்.சி.யில் பதிந்திருந்தால் மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

பதிவு முடிந்த வண்டியைத் தெரியாமல் ஓட்டி இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும் வாய்ப்பு அதிகம். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு கார் திருட்டுப்போன வழக்கில், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பெட்ரோல் மாறியது

"பிஎஸ்-6 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்குமா?" என்று கேட்பவர்களுக்கு: ஒத்துக்கொள்ளும். அதில் கந்தகம் 10 பிபிஎம்தான், பிஎஸ்-4ல் 50 இருந்தது. கந்தகம் குறைவது கன்வெர்ட்டருக்கு நல்லதுதான்.

கவனிக்க வேண்டியது எத்தனால். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முன் வந்த வண்டிகள் பலவற்றை இந்தக் கலவையை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கெட்டுகளையும் உப்ப வைக்கும் அல்லது வெடிப்பு விட வைக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை. வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்கு மருந்து இல்லை. கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து ஓடும், எடுத்ததும் திக்கும், டெஸ்ட்டில் சிஓ அழகாகக் குறைந்து எச்சி ஏறியிருக்கும். மெக்கானிக்கிடம் எத்தனாலை மனதில் வைத்து டியூன் செய்யச் சொல்லுங்கள். பங்கில் நின்று பெட்ரோலை மோந்து பார்த்து சந்தேகப்படுவதைவிட இது பலன் தரும்.

டெல்லி வண்டி ஆசை

டெல்லியில் கதை வேறு. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அந்த ஓனர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றார்கள். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4க்கும் அதற்கு மேலுள்ள வண்டிகளுக்கும்தான் என்று திருத்தினார்கள். ஆக, பிஎஸ்-3 டீசல் வைத்திருந்து டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தத் தடையால் அங்கே விலை விழுந்த வண்டிகள் லாரியேறி இங்கே வருகின்றன. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டதால் நல்ல டீசல் ஸ்விஃப்டுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு, புரோக்கர்களுக்கும் அது தெரியும். வாங்குவதானால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று உங்கள் ஆர்.டி.ஓ. பெயருக்கு இருக்கிறதா, பதிவு ஏற்கெனவே ரத்தாகவில்லையா என்று வாஹன் தளத்தில் நீங்களே பாருங்கள். புரோக்கர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். இங்கே ஆயுள் வரி, மறுபதிவுச் செலவு எல்லாம் கூட்டினால் பல சமயம் உள்ளூர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும். பதிவு முடியும் வரை முழுப்பணமும் கொடுக்காதீர்கள்.

கடைசியில் கொடுத்துவிடுவது என்று முடிவானால்

காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். வண்டி துண்டானாலும் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். சேஸிஸ் எண்ணை வெட்டி எடுத்து இன்னொரு வண்டியில் ஒட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டி ஓடும் நிலையில் இல்லாமல் போய்விட்டது என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து ரத்து செய்ய வேண்டும் என்பது சட்டம்.

அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் தருவார்கள், ஆர்.சி.யும் ரத்தாகும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் அடுத்த வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியிலும் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. புது வண்டி புக் செய்யும்போதே ஷோரூமில் இதைக் கேளுங்கள், பில் போட்ட பிறகு கேட்டால் தலையைச் சொறிவார்கள். கொடுக்கும் முன் பேட்டரி, புது டயர், மியூசிக் செட் போன்றவற்றுக்குத் தனி விலை பேசுங்கள். ஆனால் கன்வெர்ட்டரையும் எஞ்சினையும் கழற்றினால் அவர்கள் சொல்லும் விலை சடாரென்று இறங்கும். இன்சூரன்ஸில் மீதி மாதம் இருந்தால் ரத்து கடிதத்தைக் கொடுத்து அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், கேட்காவிட்டால் தானாக வராது.